சரிகைக் கரையும் சைக்கிள் சங்கிலியும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அன்றாடப் போக்குவரத்துக்குச் சைக்கிளைப் பயன்படுத்துவது பற்றி எழுதியபோது, காற்றடிப்பது எப்படி, பஞ்சர் ஒட்டுவது எப்படி என்ற வகைக் கேள்விகள்தாம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்த கடிதங்களிலோ பெரும்பாலானவை உடையையும் தோற்றத்தையும் பற்றியே பேசுகின்றன. அழகாகப் போக வேண்டுமா, பத்திரமாகப் போக வேண்டுமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள் என்பதே பலருடைய மனக்குறையாக இருக்கிறது. அக்கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்லூரியில் பணியாற்றுகிறேன். ஸ்கூட்டரை விட்டுவிட்டு மீண்டும் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். கல்லூரிக்குச் சேலையில்தான் செல்வேன். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சேலை கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது ஆபத்து என்கிறார்கள் உடன் பணியாற்றுவோர். 'ட்ராக் பேண்ட் போட்டுக்கொண்டு போய், அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்' என்கிறாள் என் மகள். யார் சொல்வது சரி?
– கல்லூரி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: இருவர் சொல்வதையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் உங்கள் வண்டியைப் பாருங்கள், அம்மா. சங்கிலிக்கும் பின்சக்கரத்துக்கும் மறைப்பு இல்லாத வண்டியில்தான் சேலை ஆபத்தாகிறது. இரண்டையும் மூடிய வண்டியில் சேலையும் வேட்டியும் பாவாடையும் ஏறக்குறைய கால்சட்டை அளவுக்கே பத்திரமானவை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. இன்று நாம் ஓட்டும் வடிவத்துச் சைக்கிள், அதாவது ஒரே அளவிலான இரு சக்கரங்களும் பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட வண்டி, 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட 'ரோவர்' வண்டியோடு பரவத் தொடங்கியது. ஆளுயர முன்சக்கரத்தின் மேலிருந்து தலைகுப்புற விழுந்துகொண்டிருந்த காலத்தில் வந்ததால் அதற்குப் 'பாதுகாப்புச் சைக்கிள்' என்றே பெயரிட்டார்கள். பாதுகாப்பானது என்று பெயர் பெற்ற அந்த வண்டியில் பெண்கள் ஏற முற்பட்டபோதுதான், தரையைத் தொடும் பாவாடையை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ஒரு சாரார் உடையை மாற்றச் சொன்னார்கள். 1881இல் இலண்டனில் தொடங்கப்பட்ட பகுத்தறிவு உடைச் சங்கத்தின் தலைவியான ஹார்பர்ட்டன் சீமாட்டி, முழங்காலுக்குக் கீழே இறுகும் தொளதொளப்பான கால்சட்டை அணிந்து சைக்கிள் ஓட்டினார். 1898இல் சர்ரே மாவட்டத்தின் ஆக்கம் என்னும் ஊரிலிருந்த விடுதி ஒன்றில், அந்த உடையோடு உணவுக்கூடத்துக்குள் வரக்கூடாது என்று விடுதி நடத்திய அம்மையார் அவரைத் தடுத்தார். சைக்கிள் பயணிகள் சங்கம் அவர் சார்பில் நடத்திய வழக்கு, 1899இல் விடுதிக்காரருக்குச் சாதகமாகவே முடிந்தது. மற்றொரு சாரார், இவ்வளவு ஆரவாரமின்றி, வண்டியை மாற்றினார்கள். மேல்பாரைத் தாழ்த்தினார்கள், சங்கிலியை முழுவதும் உறையிட்டு மூடினார்கள், பின்சக்கரத்தின் இருபுறமும் மட்கார்டிலிருந்து அச்சு வரை கயிறுகளை வலைபோலக் கட்டித் துணி உள்ளே போகாதபடி செய்தார்கள். நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் இன்று அலுவலகம் செல்வோர் கோட்டும் பாவாடையும் உயர்ந்த குதிகால் செருப்புமாகச் சைக்கிளில் போவதைப் படங்களில் பார்த்து வியக்கிறோமே, அதற்கு வழிசெய்தது இந்த இரண்டாம் சாராரின் வேலைதான்.

நம் பக்கத்துச் சான்றும் ஒன்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கிராமப்புறப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வயல் வேலைக்கும் கல் குவாரிக்கும் போன அவர்களில் சேலை கட்டியவர்கள் ஏராளம். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனபோது, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியையே வாங்கினார்கள்; அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. உங்கள் நண்பர்கள் இதைக் கேட்டால் சேலையைக் குறை சொல்வதைச் சற்றே தள்ளிப்போடுவார்கள் என்று நம்புகிறேன்.

இனி, செய்ய வேண்டியவை. உங்கள் வண்டியில் சங்கிலியின் மேற்பகுதியை மட்டும் மறைக்கும் தகடு இருந்தால் அது போதாது. முன்னுள்ள பல்சக்கரத்தையும் சேர்த்து முழுவதும் மூடும் செயின் கவர் போட்டுத் தரும்படி கடையில் கேளுங்கள். பின்சக்கரத்துக்கு, துணி உள்ளே போகாதபடி பக்கங்களை மறைக்கும் டிரஸ் கார்டு மாட்டச் சொல்லுங்கள். பின்னால் இருபுறமும் கம்பிக்கூடை தொங்கவிட்டாலும் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் அமைப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்கிறது. 'சாரி கார்டு' என்று நாம் அழைப்பது அதைத்தான். மோட்டார் வண்டிகளுக்கான அந்த விதி சைக்கிளைத் தொடவில்லை. ஆகவே, நாமாகத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சேலையைப் பொறுத்தவரை, தோளிலிருந்து பின்னால் தொங்கும் முந்தானைதான் முதலில் கவனிக்க வேண்டியது. அதை வலப்பக்கமாக முன்னே கொண்டுவந்து இடுப்பில் இறுகச் செருகி, ஒரு பின்னும் குத்திவிடுங்கள். ஜார்ஜெட், சிபான் போன்ற வழுக்கும் துணிகளில் செருகல் நழுவும் என்பதால் அவற்றுக்கு இரண்டு பின்கள் வேண்டும். பருத்திச் சேலை இந்த வகையில் நல்ல துணை. கணுக்காலுக்கு மேலே இரண்டு விரற்கடை தெரியும்படி உயர்த்திக் கட்டுங்கள். இப்போது உடம்போடு ஒட்டித் தைத்த உள்பாவாடைகள் பரவலாக விற்கின்றன. மெலிந்த தோற்றம் தரும் அவை, பெடல் மிதிக்கும்போது முழங்காலை விரிய விடுவதில்லை. அகலமான பழைய பருத்திப் பாவாடையே சைக்கிளுக்கு ஏற்றது. சேலையைவிட நான் அதிகம் அஞ்சுவது, ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டே வரும் துணிப்பைக்குத்தான். அது முன்சக்கரத்துக் கம்பிகளுக்குள் புகுந்தால் சக்கரம் அங்கேயே நிற்கும்; ஓட்டுபவர் மட்டும் நிற்காமல் முன்னால் போய் விழுவார். பையைக் கேரியரிலோ கூடையிலோ வையுங்கள்.

உங்கள் மகளின் யோசனை, மாற்றிக்கொள்ள நல்ல அறையும் நேரமும் உள்ளவர்களுக்குப் பொருந்தும். ஆனால் வேறு உடை உடுத்தினால்தான் ஏறலாம் என்று ஒரு வண்டியைப் பற்றி எண்ணத் தொடங்கிவிட்டால், நாளடைவில் அது வீட்டு வராந்தாவிலேயே நின்றுவிடும்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சுடிதாரும் துப்பட்டாவும் அணிந்து பள்ளிக்குச் சைக்கிளில் செல்கிறாள். துப்பட்டாவைப் பற்றியும் சொல்லுங்கள்.
– இல்லத்தரசி, விருதுநகர்

பதில்: துப்பட்டாவைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை, ஓட்டும்போது அது கழுத்தைச் சுற்றி இருக்கவே கூடாது. சேலை சிக்கினால் பெரும்பாலும் துணி கிழியும், ஆள் விழுவார். கழுத்தைச் சுற்றிய துணி சக்கரத்தில் சிக்கினால் அது மூச்சுக்குழலையும் கழுத்தெலும்பையும் தாக்கும். நாட்டியக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் பிரான்சின் நீஸ் நகரில், திறந்த காரில் போகும்போது, அவருடைய நீண்ட கழுத்துத்துணி சக்கரத்தில் சுற்றிக்கொண்டதால் இறந்தார். இத்தகைய விபத்துகளுக்கு மருத்துவர்கள் இன்றும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். துப்பட்டாவை ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காகப் போட்டு, இரு முனைகளையும் இடுப்பின் பக்கவாட்டில் முடிச்சிட்டு, முனை தொங்காமல் உள்ளே செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளிச் சீருடையில் துப்பட்டாவுக்குப் பதிலாக மேலங்கி அணியலாம் என்று இருந்தால் அதையே தைத்துக் கொடுங்கள். அடக்க ஒடுக்கமும் குறையாது, கழுத்தும் தப்பும்.

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். தடித்த டயர் வைத்த சைக்கிள் வாங்கித் தரும்படி கேட்டால், 'கேரியரும் மட்கார்டும் இல்லாத வண்டி வண்டியே இல்லை' என்று சொல்லி, தாத்தா காலத்து ஸ்டாண்டர்டு சைக்கிளைக் காட்டுகிறார் அப்பா. அதில் போனால் நண்பர்கள் என்னைப் பால்காரர் என்பார்கள். நீங்களாவது அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள் ஐயா.
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: பால்காரர் மழையிலும் இருட்டிலும் நாற்பது லிட்டரைச் சுமந்துகொண்டு குறித்த நேரத்துக்கு வந்து சேருகிறார் என்பதை உங்கள் நண்பர்களுக்கு நினைவூட்டலாம். ஆனால், தோற்றம் ஒரு பொருட்டே இல்லை என்று பதினெட்டு வயதுக்காரருக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எழுபதுகளில் பெல்பாட்டம் அணிந்து சைக்கிள் ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எங்கள் கால்சட்டைகள் எல்லாவற்றிலும் வலது காலின் அடியோரம் எண்ணெய்க் கறையும் பல் பட்ட கிழிசலுமாக இருக்கும்; சங்கிலி வலப்பக்கம் இருப்பதால் இடது கால் தப்பித்துவிடும். காலில் மாட்டிக்கொள்ள இரும்புக் கிளிப் அப்போதே கடையில் கிடைத்தது. அதை மாட்டினால் பெல்பாட்டத்தின் அழகு போய்விடும் என்பதால் ஒருவரும் வாங்கவில்லை.

நீங்கள் கேட்கும் வண்டியின் டயர், ஏறக்குறைய 4 அங்குல அகலம் கொண்டது. அலாஸ்காவின் பனியிலும் நியூ மெக்சிகோவின் மணலிலும் புதையாமல் போவதற்காக உருவாகிய வடிவம் அது. தார்ச்சாலையில், குறைந்த காற்றழுத்தத்தோடு, அந்த அகலம் முழுவதையும் நீங்கள்தான் மிதித்துத் தள்ள வேண்டும். குறைந்த விலை வண்டிகளில் முன்னால் வைத்திருக்கும் சுருள்வில் சஸ்பென்ஷன், நீங்கள் எழுந்து நின்று மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அமுங்கி, உங்கள் உழைப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மட்கார்டு இல்லாததன் பொருள் முதல் மழையன்று விளங்கும். சட்டையின் முதுகில் பின்சக்கரம் கோடு வரைந்திருக்கும். கேரியர் இல்லாததால் பை முதுகுக்குப் போகிறது, முதுகு வியர்க்கிறது. இந்தக் குறைகளை எல்லாம் விலை கொடுத்து வாங்குவதற்கு ஒரே காரணம், மட்கார்டையும் கேரியரையும் நீக்கிய வண்டி பந்தய வண்டி போலத் தெரிகிறது என்பதுதான்.

அப்பா பக்கமும் நியாயம் முழுவதும் இல்லை. அவர் காட்டும் ஸ்டாண்டர்டு வண்டியில் கம்பி இழுத்து இயக்கும் பிரேக் இருக்கும். அதன் கட்டைகள் பளபளக்கும் இரும்பு ரிம்மைத் தொட்டு நிறுத்துபவை. ரிம் நனைந்துவிட்டால் அந்தப் பிரேக் பாதி வலிமையைக்கூடக் காட்டாது. புதிய வண்டிகளில் வரும் டிஸ்க் பிரேக் மழையில் அதைவிட எவ்வளவோ மேல். பழையதெல்லாம் பத்திரம், புதியதெல்லாம் பகட்டு என்று அவர் எண்ண வேண்டியதில்லை. ஒன்றரை அங்குலத்தை ஒட்டிய அகலமுள்ள டயர், நேரான ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக் கொண்ட, சுருள்வில் இல்லாத ஹைபிரிட் வகை வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும். வாங்கும் அன்றே, கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பாக, மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி, பின்விளக்கு ஆகியவற்றைப் பொருத்தச் சொல்லுங்கள். வண்டியின் சட்டகத்தில் கேரியர் மாட்டுவதற்கான திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று முதலிலேயே குனிந்து பார்த்துவிடுங்கள். பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்கப்படும் பல வண்டிகளில் அந்தத் துளைகளே இருப்பதில்லை.

கேள்வி: என் தம்பி தன் சைக்கிளிலிருந்து மணியையும் பின் பிரேக்கையும் கழற்றிவிட்டான். வெளிநாட்டில் இப்படித்தான் ஓட்டுகிறார்களாம். உண்மையா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: வெளிநாட்டில் சிலர் அப்படி ஓட்டுவது உண்மை. ஆனால் அவர்கள் ஓட்டுவது வேறு வண்டி. அதில், மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தானே சுழல விடும் பிரீவீல் இல்லாமல், பின்சக்கரம் பெடலோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வேகம் குறையும். மைதானத்தில் நடக்கும் பந்தயங்களுக்கான அந்த வண்டி, தெருவில் ஒரு பாணியாகப் பரவியது. அப்படிப்பட்ட வண்டியிலும் முன்சக்கரத்துக்குத் தனிப் பிரேக் இருந்தாக வேண்டும் என்று பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உங்கள் தம்பியின் வண்டியில் பிரீவீல் இருக்கிறது. ஆகவே அவரிடம் எஞ்சியிருப்பது முன் பிரேக் ஒன்றே. அதன் கேபிள் அறுந்தால் செருப்புத்தான் பிரேக். மணியையும் பிரேக்கையும் இன்றே மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குச் சைக்கிள் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். சடை கலைகிறது, பூ வைக்க முடியவில்லை, தோழிகள் சிரிக்கிறார்கள் என்று அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு போகிறாள். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமா? அவளுடைய அப்பாவின் பைக் ஹெல்மெட்டைப் பயன்படுத்தலாமா?
– வங்கி ஊழியர், மதுரை

பதில்: நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கே தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது, சைக்கிளுக்கு அது பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990இல் எல்லா வயதினருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் கட்டாயமும் இல்லை, பெரும்பாலோர் அணிவதும் இல்லை. எனவே ஹெல்மெட் வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் நெதர்லாந்தைத்தான் காட்டுவார்கள். அந்த நாட்டில் 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் செலவிட்டு, சைக்கிளுக்குத் தனிப்பாதைகளை அமைத்தார்கள். குடியிருப்புத் தெருக்களில் மோட்டார் வண்டிகளின் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அவர்களுடைய வெறுந்தலையை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, அந்தத் தெருக்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் கணக்கு சரியாக வராது.

ஹெல்மெட்டால் என்ன பயன் என்பதற்கு ஆராய்ச்சி உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்று, விபத்தில் காயமுற்ற 64,000க்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகளைப் பற்றிய ஆய்வுகளை ஒருங்கே எடுத்துப் பார்த்தது. ஹெல்மெட் அணிந்திருந்தவர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகவும், கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவும் குறைந்திருந்தது. அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பியத் தரச் சோதனையில், ஹெல்மெட்டைத் தட்டையான பரப்பின் மேல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்கிறார்கள். மோதும்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். குழியில் சக்கரம் இறங்கித் தலை தரையில் மோதும் விபத்துக்கு இது பொருத்தமான பாதுகாப்பு. லாரி மோதுவதற்கு எதிராக அது எதையும் உறுதி தருவதில்லை.

தலை கலையும் என்ற கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. சுவீடனில் இதே கவலையிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது. அங்கே 2005இல் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு ஹெல்மெட் கட்டாயமானபோது, லுண்ட் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் படித்த இரு மாணவியர், பெரியவர்கள் விரும்பி அணியக்கூடிய ஒன்றை உருவாக்கப் புறப்பட்டு, கழுத்துப்பட்டைக்குள் மடித்து வைத்த காற்றுப்பையை வடிவமைத்தார்கள். விழும் கணத்தில் அது தலையைச் சுற்றி விரியும். அதுவரை முடி கலையாது. 'ஹோவ்டிங்' என்ற பெயரில் 2011இல் விற்பனைக்கு வந்த அந்தப் பட்டையைத் தயாரித்த நிறுவனம் 2023 இறுதியில் திவாலாகிவிட்டது. ஆகவே உங்கள் மகளுக்குச் சாதாரண ஹெல்மெட்தான் வழி.

அப்பாவின் பைக் ஹெல்மெட் வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள, காற்றுப் புகாத அந்தக் கவசத்தோடு மதுரை வெயிலில் மிதித்தால் இரண்டாம் நாளே கழற்றிவிடுவாள். அளவும் பொருந்தாது, பொருந்தாத ஹெல்மெட் மோதும் முன்பே நழுவிவிடும். சைக்கிள் ஹெல்மெட் 300 கிராம் அளவில், காற்றுத் துளைகளோடு இருக்கும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலம் விட்டு நேராக உட்கார வேண்டும். பட்டைகள் காதுக்குக் கீழே சந்திக்க வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் இடையே ஒன்றிரண்டு விரல் நுழையலாம். உச்சிக்கொண்டையும் உயரத் தூக்கிக் கட்டிய குதிரைவாலும் ஹெல்மெட்டை முன்னே தள்ளி நெற்றியைத் திறந்துவிடும். பிடரிக்குக் கீழே தொடங்கும் ஒற்றைச் சடையோ, மடித்துக் கட்டிய இரட்டைச் சடையோ எந்தத் தொல்லையும் தருவதில்லை. நம் பள்ளிகள் பல பெண்பிள்ளைகளிடம் வற்புறுத்தும் இரட்டைச் சடை ஒரு விதத்தில் இதற்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. பூவைப் பள்ளிக்குப் போய் வைத்துக்கொள்ளலாம், அல்லது சடையின் நடுப்பகுதியில் சூடலாம். நிறத்தை மட்டும் அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். நீங்கள் வாங்கி வந்தது எந்த நிறம் என்று எழுதவில்லை, ஆனால் அவளைக் கேட்காமல் வாங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

கேள்வி: பனியன் தொழிற்சாலையில் இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறேன். சாலைப் பணியாளர்கள் அணியும் பளிச்சென்ற மஞ்சள்பச்சை மேலங்கி வாங்க எண்ணினேன். அதைப் போட்டால் கோமாளி மாதிரி இருக்கிறது என்கிறார் மனைவி. வெள்ளைச் சட்டை போதுமா?
– தொழிலாளி, திருப்பூர்

பதில்: இந்த ஒரு முறை உங்கள் மனைவி பக்கம் சாய்கிறேன். அந்த மஞ்சள்பச்சை நிறம், சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுவதால்தான் பகலில் அவ்வளவு பளிச்சிடுகிறது. இரவில் அந்தக் கதிர் கிடையாது. மஞ்சள் சட்டைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது. இரவில் உதவுவது, வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வெள்ளி நிறப் பட்டை. மேலங்கியில் தைத்திருப்பதும் அதுதான். முதுகில் ஒட்டிய பட்டை பின்னால் வருபவருக்கு அசையாத ஒரு புள்ளியாகத் தெரியும். வழியோரப் பலகையா ஆளா என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும். இரு கணுக்கால்களிலும் கட்டிய பட்டை, மிதிக்க மிதிக்க மேலும் கீழுமாக அசைவதால், அது சைக்கிளில் போகும் ஆள் என்பதை அவர் உடனே தெரிந்துகொள்கிறார். கால்சட்டை சங்கிலியில் சிக்காமல் அதே பட்டை பார்த்துக்கொள்ளும். வீட்டு வாசலில் கழற்றிப் பையில் போட்டுவிடலாம். கோமாளித் தோற்றத்துக்கும் இடமில்லை.

ஆனால் பட்டை, எதிரே விளக்கு இருந்தால்தான் ஒளிரும். பின்னால் சிவப்பு விளக்கும் முன்னால் வெள்ளை விளக்கும் கட்டாயம் மாட்டுங்கள். மின்னேற்றிக்கொள்ளும் சிறிய விளக்குகள் இப்போது எல்லா ஊர்களிலும் கிடைக்கின்றன. டைனமோ இல்லாமல் இரவில் சைக்கிளில் வந்தால் காவலர் கையைக் காட்டி நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. அவர் டபுள்ஸ் போனதற்கும் பிடிப்பார் என்பதால் அன்று எங்களுக்கு அவர் மேல் கோபம்தான்.

கேள்வி: ஐம்பத்திரண்டு வயதில் சைக்கிள் குழு ஒன்றில் சேர்ந்து ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 40 கிலோமீட்டர் போகிறேன். உடம்போடு ஒட்டிய லைக்ரா உடையைப் பார்த்து அடுக்ககத்தில் சிரிக்கிறார்கள். அது உண்மையிலேயே தேவையா?
– வாசகர், சென்னை

பதில்: 40 கிலோமீட்டருக்குத் தேவை, காய்கறி வாங்கப் போவதற்குத் தேவையில்லை. அந்தக் கால்சட்டையின் பயன் அதன் உள்ளே தைத்த பஞ்சுப் பட்டையில் இருக்கிறது. நெடுநேரம் உட்காரும்போது தையல் அழுந்திப் புண்ணாவதை அது தடுக்கிறது. உள்ளாடை இல்லாமல் அணிந்தால்தான் அந்தப் பயன் கிடைக்கும். மேலே ஒரு தொளதொளப்பான அரைக்கால்சட்டையைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் இறங்கலாம். எனக்கு வருத்தம் வேறொன்றில். லைக்ரா அணிந்து ஞாயிற்றுக்கிழமை 40 கிலோமீட்டர் போகும் நண்பர்கள் பலர், திங்கட்கிழமை இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள அலுவலகத்துக்குக் காரில் போகிறார்கள். அந்த உடை இல்லாமல் சைக்கிளில் ஏற அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் ஆசிரியைமார் சேலையோடு துவிச்சக்கரவண்டியில் போவது அன்றும் இன்றும் வழமை, ஆகையால் அதைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. வெயிலுக்கு ஒரு கையில் குடையைப் பிடித்தபடி ஓட்டுகிறேன். முப்பது வருடப் பழக்கம். அது கூடாது என்று மகன் பேசுகிறான். என்ன சொல்கிறீர்கள்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: போர்க்காலத்தில் பெட்ரோல் இல்லாத ஆண்டுகளில் ஊர் முழுவதையும் சைக்கிளிலேயே நடத்திக் காட்டியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. என்றாலும் குடை விஷயத்தில் உங்கள் மகன் சொல்வது சரி. ஒரு கையில் குடை இருந்தால் இரண்டு பிரேக்குகளில் ஒன்றுதான் கைக்கு எட்டும். நம் நாடுகளில் விற்கும் வண்டிகளில் பெரும்பாலும் வலக்கைப் பிடி முன் பிரேக்கை இயக்கும். வண்டியை விரைவாக நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்கே. குடை இருப்பது வலக்கையில் என்றால், வலிமை குறைந்த பின் பிரேக் மட்டுமே மிஞ்சுகிறது. காற்று பக்கவாட்டில் அடித்தால் குடை பாய்மரமாகி உங்களையும் வண்டியையும் நடுச்சாலைக்கு இழுக்கும். ஹேண்டில்பாரில் குடையை மாட்டும் கவ்வி விற்கிறார்கள்; காற்றின் இழுவை அதிலும் குறையாது என்பதால் அதையும் நான் பரிந்துரைப்பதில்லை. பனை ஓலையில் பின்னிய, விளிம்பு அகன்ற தொப்பி உங்கள் ஊரிலேயே கிடைக்கும். அதன் இருபக்கமும் நாடா தைத்துத் தாடைக்குக் கீழே கட்டிக்கொள்ளுங்கள். விளிம்பு கண்ணை மறைக்கிறதா என்று வீட்டு முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வீதிக்கு வாருங்கள்.